ஸ்டீம் டெக் கரைச்சல் தந்தால்: கமாண்ட் தெரியாதவருக்கான வழி

எனக்கும் கமாண்ட் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில், மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கனடாவில், லண்டனில், ஜெர்மனியில் இருக்கிற சொந்தங்கள் லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஸ்டீம் டெக் (கையில் பிடித்து விளையாடும் கேம் கம்ப்யூட்டர்) கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து அது என் மேசைக்கு வரும். "அண்ணன், இது லினக்ஸாம். கறுப்பு ஜன்னலைத் திறந்து என்னவோ அடிக்கணுமாம், உங்களுக்குத் தெரியுமா?" என்பார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக டெக்கை ஓட்டும் சிஸ்டம். ஆனால் ஒன்றும் அடிக்கத் தேவையில்லை. இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை சார்ஜர், மெமரி காட், சூடு, டேட்டா இந்த நாலில் ஒன்றாகத்தான் இருந்தன.

வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட எல்சிடி மாதிரிக்கும் 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாதிரிக்கும் கீழே உள்ளது பொருந்தும். இரண்டு பட்டன்களை மட்டும் முதலில் அடையாளம் கண்டுவையுங்கள். முன்பக்கம் இடது கீழே 'ஸ்டீம்' பட்டன், வலது கீழே மூன்று புள்ளி பட்டன். பவரும் வால்யூமும் மேல் விளிம்பில் இருக்கும். செட்டிங்ஸ் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஸ்டீம் பட்டனை அழுத்தி உள்ளே போவதைத்தான் சொல்கிறேன்.

பவர் பட்டனை அழுத்தியும் ஒன்றும் வரவில்லை

சார்ஜரில் தொடங்குங்கள். டெக்கோடு வரும் சார்ஜர் 45 வாட். பழைய போன் சார்ஜரைக் குத்தினால், அடியோடு இறங்கிய பேட்டரி விடியும் வரை வைத்தாலும் எழும்பாது. ஓடிக்கொண்டிருக்கும் டெக்கில் அதைக் குத்தினால் சார்ஜர் மெதுவானது என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். செத்துக் கிடக்கும்போது அந்த எச்சரிக்கையும் வராது, அதனால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

கனடாச் சார்ஜர் என்றால் இன்னொரு பயம். "அங்க 110தானே, இங்க 230ல குத்தினா எரிஞ்சிடுமே" என்று அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு மாமாவைக் கண்டிருக்கிறேன். சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் 100-240 என்று அச்சிட்டிருக்கும். அது இருந்தால் நம் ஊர்க் கரண்டுக்கு அப்படியே குத்தலாம். டிரான்ஸ்ஃபோமர் வேண்டாம், பிளக்கின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போதும்.

அந்தக் கன்வெர்ட்டரையும் பாருங்கள். கல்முனையிலிருந்து ஒரு தம்பி டெக்கைக் கொண்டுவந்தார், பேட்டரி மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். சார்ஜரை வாங்கிக் குத்தினேன். கன்வெர்ட்டரின் வாய் தளர்ந்து, கையை எடுத்தவுடன் பிளக் தலையைத் தொங்கப்போட்டது. வேறு ஒன்று மாற்றியதும் மேல் விளிம்பில் சார்ஜ் ஓட்டைக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன லைட் எரிந்தது. நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்.

இவையெல்லாம் சரி என்றால்: சார்ஜரில் அரை மணித்தியாலம் விடுங்கள். மறுகா பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அமத்திப் பிடித்து, விட்டு, ஒருதரம் சும்மா அழுத்துங்கள். யாராவது பேட்டரியைச் 'ஸ்டோரேஜ் மோட்'டில் போட்டுவிட்டு அனுப்பியிருந்தால், சார்ஜர் குத்தும் வரை அது எந்தப் பட்டனுக்கும் அசையாது. குத்தியதும் விழித்துக்கொள்ளும்.

லைட்டே எரியவில்லை, வேறொரு நல்ல டைப்-சி சார்ஜரிலும் எரியவில்லை என்றால் டோர்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய் வந்த டெக்கில் மணல் கிடக்கும். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் பச்சை படர்ந்திருக்கும். மணல் என்றால் டெக்கை நிறுத்திவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுக்கலாம். ஊசி போடாதீர்கள். பச்சை படர்ந்திருந்தாலோ, ஓட்டை ஆடினாலோ அது ஈய வேலை (சோல்டரிங்) தெரிந்தவரின் வேலை.

லோகோ வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை

இப்போதுதான் அப்டேட் போட்டீர்களா? அப்படியென்றால் சார்ஜரைக் குத்திவிட்டுப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகான முதல் தொடக்கம் இழுக்கும்.

அப்டேட் இல்லை என்றால், கீழ் விளிம்பிலுள்ள மெமரி காட்டைக் கழற்றுங்கள். பவரைப் பிடித்து முழுதாக நிறுத்தி, காட் இல்லாமல் போடுங்கள். எழும்பினால் குற்றவாளி காட். அந்தப் பகுதிக்குப் போங்கள்.

அப்படியும் எழும்பவில்லையா? மாரி மழைக் காலத்தில் எனக்கு அதிகம் வருவது இந்தக் கேஸ்தான். அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போகும், பேட்டரியில் ஏற்கெனவே ஐந்து வீதம்தான் இருந்திருக்கும், டெக் செத்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. டெக் தன் சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறது. முழுதாக நிறுத்திய நிலையில் மூன்று புள்ளி பட்டனைப் பிடித்துக்கொண்டே பவரை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் முந்தையதைத் தேர்ந்தால் அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்குப் போகும். கேம்கள் அப்படியே இருக்கும். பிறகு பேட்டரி நிறைந்திருக்கும் ஒரு நேரம் பார்த்து அப்டேட்டைத் திரும்பப் போடுங்கள்.

அதுவும் கைவிட்டால் பென்டிரைவ் வழி. 8 ஜிபியாவது உள்ள பென்டிரைவில் ஸ்டீமின் தளத்திலிருந்து ரிக்கவரி இமேஜை (சிஸ்டத்தைத் திரும்பப் போடும் ஃபைல்) இறக்கி, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற செயலியால் எழுத வேண்டும். டெக்கில் ஒரு டைப்-சி ஹப் வைத்துப் பென்டிரைவைக் குத்தி, வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்தபடி பவரை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்ததும் சாதாரண கம்ப்யூட்டர் போல ஒரு திரையும் சில ஐகன்களும் வரும். இங்கேதான் கவனம். 'ரீஇன்ஸ்டோல் ஸ்டீம்ஓஎஸ்' கேம்களையும் சேவ்களையும் (விளையாடிய இடம் வரை சேமித்தது) வைத்துக்கொள்ளப் பார்க்கும். 'ரீஇமேஜ்' எல்லாவற்றையும் துடைக்கும். முதலாவதைச் செய்து பார்க்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் இந்தப் படியில் கடைக்கு வருவது நல்லது. பென்டிரைவ் எழுதத் தெரிந்த எந்தக் கடையும் போதும்.

மெமரி காட்டைக் காணவில்லை, அல்லது காட்டிலிருந்த கேம் மறைந்துவிட்டது

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏனென்றால் நானே ஏமாந்தவன். பட்டினத்தில் ஒரு கடையில் 512 ஜிபி என்று எழுதிய காட், விலையும் பாதி. மருமகனின் டெக்கில் போட்டேன். முதல் கேம் ஓடியது, இரண்டாவதும் ஓடியது. மூன்றாவது இறங்கி முடிந்ததும் முதல் கேம் 'ஃபைல் பழுது' என்றது. அதைத் திருத்தினால் இரண்டாவது கெட்டது. "மாமா, இந்த டெக்குக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றான். பேய் இல்லை, உள்ளே 32 ஜிபிதான் இருந்தது. மிச்சம் வெறும் பேர். நிரம்பியதும் புதியது பழையதன் மேல் எழுதிக்கொண்டே போகும்.

காட்டே தெரியவில்லை என்றால்: கழற்றி, பொன் நிறக் கோடுகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 'கிளிக்' கேட்கும் வரை தள்ளுங்கள். போனிலும் தெரியவில்லை என்றால் காட் செத்துவிட்டது. போனில் தெரிகிறது, டெக்கில் இல்லை என்றால் அது இன்னும் டெக்குக்காகப் ஃபோமட் செய்யப்படாதது. செட்டிங்ஸ், சிஸ்டம் போனால் எஸ்டி காட்டைப் ஃபோமட் செய்யும் பட்டன் இருக்கும். உள்ளே இருக்கும் கல்யாணப் படமெல்லாம் போய்விடும், முதலில் எடுத்து வையுங்கள்.

ஃபோமட் பாதியில் தோற்றுத் தோற்று நிற்கிறது என்றால் காட் போலியாகவோ களைத்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வேறு காட் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அது உடனே ஃபோமட் ஆனால் உங்கள் காட்டுக்கு ஃபாத்திஹா ஓதிவிடலாம் என்று காத்தான்குடி நண்பர் சொல்வார்.

டெக்கில் ஃபோமட் செய்த காட்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் அது 'ஃபோமட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். காட் நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஓம் என்று அழுத்திவிட்டு 200 ஜிபி கேமை இழந்து வந்தவர்கள் இரண்டு பேர்.

இரண்டு காட்களும் தெரியவில்லை என்றால்தான் டெக்கின் காட் ஓட்டையைச் சந்தேகிக்க வேண்டும். அது கழற்றிப் பார்க்கும் வேலை.

கொதிக்கிறது, ஃபேன் கத்துகிறது, கேம் இழுக்கிறது

சுற்றியிருக்கும் காற்று 35 பாகை செல்சியசுக்குள் இருக்கும்போதுதான் டெக் ஒழுங்காக ஓடும் என்று வால்வ் சொல்லியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு விளையாடினால், இழுப்பது டெக்கின் பிழை அல்ல. உள்ளே இருக்கும் சிப் 100 பாகையை எட்டியதும் தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் தானே நின்றுவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமான்தான், ஆனாலும் தினமும் அப்படி விளையாட வேண்டியதில்லை.

காசு செலவில்லாதது முதலில். தலையணை மேலே வைத்து விளையாடுகிறீர்களா? காற்று பின்பக்கத்தால் உள்ளே போய் மேல் விளிம்பால் வெளியே வருகிறது. பின்பக்கத்தை மூடினால் முடிந்தது. கடையில் வாங்கிய றப்பர் கவர் அந்த ஓட்டைகளை மறைக்கிறதா என்றும் பாருங்கள். சார்ஜ் போட்டபடி விளையாடுவதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

அதன் பிறகு மூன்று புள்ளி பட்டன். பேட்டரிப் படம் உள்ள பக்கத்தில் ஃபிரேம் லிமிட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற எல்லை) இருக்கும், 40க்கு அல்லது 30க்கு இறக்குங்கள். அங்கேயே டிடிபி லிமிட் என்று ஒன்று உண்டு, சிப் எவ்வளவு கரண்ட் தின்னலாம் என்ற எல்லை. உச்சம் 15 வாட், 9 அல்லது 10 வைத்துப் பாருங்கள். நிறையக் கேம்களில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஃபேன் சத்தம் பாதியாகும், பேட்டரியும் கூட நேரம் நிற்கும். என்னிடம் "பேட்டரி மாத்துங்க" என்று வந்த பலருக்கு நான் செய்தது இந்த இரண்டு லிமிட்டையும் இறக்கியது மட்டும்தான். காசு வாங்கவில்லை, ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார்கள்.

இரவில், வெளியே மழை பெய்யும்போதும் அதே கொதிப்பு என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கும். ஃபேனிலிருந்து கறகற என்று அரைக்கும் சத்தம் வந்தாலும் கழற்ற வேண்டும். வீட்டில் செய்யாதீர்கள்.

பின் மூடி ஒரு பக்கம் உப்பி நிற்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? உடனே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமத்திப் பார்க்காதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கலாம். இதற்கு வேறு பரிசோதனை ஒன்றும் இல்லை, நேரே கடை.

கேம் தொடங்குவதில்லை, தொடங்கிய உடனே திரும்பி வெளியே வருகிறது

கேமின் பக்கத்தில் உள்ள அடையாளத்தைப் பாருங்கள். பச்சைச் சரி என்றால் வால்வ் சோதித்து, நன்றாக ஓடும் என்று சொன்னது. மஞ்சள் என்றால் ஓடும், எழுத்துச் சிறிதாக இருக்கலாம், எங்கேயாவது கீபோட் தேவைப்படலாம் (ஸ்டீம் பட்டனோடு எக்ஸை அழுத்தினால் கீபோட் வரும்). சாம்பல் தடை அடையாளம் என்றால் ஓடாது. கேள்விக்குறி என்றால் வால்வ் இன்னும் சோதிக்கவில்லை, ஓடினாலும் ஓடலாம்.

பச்சையோ மஞ்சளோ இருந்தும் தொடங்கவில்லை என்றால், கேம் பக்கத்தில் பல் சக்கரம், புரொப்பர்ட்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ் என்று போய் 'வெரிஃபை' கொடுங்கள். குறைந்த ஃபைலை மட்டும் இறக்கிக்கொள்ளும், முழுக் கேமையும் அழித்து டேட்டாவைக் கரைக்க வேண்டாம். அதிலும் சரிவரவில்லை என்றால் அதே புரொப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி போய், பெட்டியில் சரி போட்டு, புரோட்டன் எக்ஸ்பெரிமென்டலைத் தேர்ந்து பாருங்கள் (புரோட்டன் என்பது விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கும் மென்பொருள்). கறுப்பு ஜன்னலில் கமாண்ட் அடித்துச் செய்யலாம் என்று வீடியோக்களில் காட்டும் வேலையில் பாதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

சில கேம்களுக்கு மருந்து இல்லை. வேலொரண்ட், ஃபோட்நைட், கம்ப்யூட்டர் பப்ஜி இவை கள்ள விளையாட்டுத் தடுப்பு மென்பொருளோடு வருகின்றன, அது டெக்கின் லினக்ஸில் இவற்றை ஓட விடாது. ஜிடிஏ 5 கதை ஓடும். ஆனால் 2024 செப்டம்பரில் அந்தத் தடுப்பைச் சேர்த்த பிறகு அதன் ஆன்லைன் டெக்கில் ஓடுவதில்லை. யாராவது காசு வாங்கிக்கொண்டு ஓட வைத்துத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

பென்டிரைவில் வந்த விண்டோஸ் செட்அப் ஃபைலை இரண்டுதரம் தட்டினால் ஒன்றும் நடக்காது. ஸ்டீம் அல்லாத ஆன்லைன் கடைகளான எபிக்கிலோ கொக்கிலோ (GOG) வாங்கிய கேம் என்றால் டெஸ்க்டொப் மோடுக்கு (சாதாரண கம்ப்யூட்டர் போன்ற திரை) போய், டிஸ்கவர் என்ற கடையைத் திறந்து, ஹீரோயிக் கேம்ஸ் லோஞ்சரை இன்ஸ்டோல் செய்யுங்கள். போன் கடையில் ஆப் எடுப்பது போலத்தான்.

கேம் நடுவில் உறைந்தால் ஸ்டீம் பட்டனையும் பியையும் சேர்த்துப் பிடியுங்கள், கேம் மட்டும் மூடும்.

வைஃபை விட்டு விட்டு வருகிறது, கேம் இறங்கவே இல்லை

போனில் ஹொட்ஸ்பொட் போட்டு டெக்கை இணையுங்கள். அதில் நன்றாக ஓடினால் டெக் சுகம். ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள், டெக்கில் அந்த வைஃபையை மறக்கச் செய்து திரும்ப இணையுங்கள். ரவுட்டர் இரண்டு பெயரில் சிக்னல் தருகிறது என்றால் மற்றதையும் முயலுங்கள். இரண்டு அறை தள்ளியிருந்தால் 5 கிகாஹேட்ஸ் சிக்னல் சுவரைத் தாண்டத் திணறும்.

ஹொட்ஸ்பொட்டிலும் அறுகிறதா? செட்டிங்ஸ், சிஸ்டத்தில் டெவலப்பர் மோடைத் திறந்தால் புதிதாக ஒரு டெவலப்பர் பக்கம் வரும். அதில் வைஃபை பவர் மெனேஜ்மென்டை அணையுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடத் தின்னும். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொடாதீர்கள்.

டேட்டாதான் பிரச்சினை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஜிடிஏ 5 போன்றது 100 ஜிபியைத் தாண்டும், மாதப் பெக்கேஜே போய்விடும். வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர் இருந்து, அதில் அதே கேம் ஏற்கெனவே இருந்தால், இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் போய் லோக்கல் நெட்வேக் டிரான்ஸ்ஃபரை இயக்குங்கள். கேம் கம்ப்யூட்டரிலிருந்து டெக்குக்கு வரும், டேட்டா ஏறக்குறைய கரையாது. அதே டவுன்லோட்ஸ் பக்கத்தில் அப்டேட்டை இரவு நேரத்துக்கு மட்டும் ஒதுக்கும் வசதியும் இருக்கிறது. இரவு டேட்டா வைத்திருப்பவர்கள் முதல் நாளே செய்ய வேண்டியது அது.

மெனு முழுக்க ஜெர்மன் மொழியில். லொகின் கேட்டு நிற்கிறது

ஸ்டீம் பட்டனை அழுத்தி, பல் சக்கரப் படமுள்ள வரி. அதற்குள் மொழியை மாற்றலாம். தமிழ் இல்லை, ஆங்கிலத்தை எடுங்கள்.

லொகின் வேறு கதை. டெக்கில் இருப்பது சித்தப்பாவின் கணக்கு என்றால் லொகினை உறுதிப்படுத்தும் ஸ்டீம் கார்ட் (Steam Guard) கோட் அவருடைய போனுக்கோ மின்னஞ்சலுக்கோதான் போகும். அவர் வேலையில் இருக்கும் நேரத்தில் பத்துத்தரம் தப்பாக அடித்துப் பூட்டி வைக்காதீர்கள். அங்கே விடிந்தபின் வட்ஸ்அப்பில் அழைத்து, கோட் வந்ததும் உடனே அடியுங்கள். போன் செயலியில் வரும் கோட் அரை நிமிடத்தில் மாறும்.

இடம் நிரம்பிவிட்டது

64 ஜிபி மாதிரியில் இது வருத்தமே இல்லை, அதன் சுபாவம். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய்க் கேம்களை மெமரி காட்டுக்கு நகர்த்துங்கள். கேம் எதுவும் இல்லாமலே நிரம்பிக் கிடந்தால் டெஸ்க்டொப் மோடில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் குப்பைத் தொட்டியையும் பாருங்கள்.

தொடாமலே கேமில் வரும் பாத்திரம் தானாக நடக்கிறது

செட்டிங்ஸ், கொன்ட்ரோலர், கலிபிரேஷன். டெட்ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கணக்கெடுக்காத அளவு) கொஞ்சம் கூட்டுங்கள். பாதி வரை கூட்டியும் நடந்தால் ஸ்டிக்கை மாற்ற வேண்டும், கிடைக்கக்கூடிய பாகம்தான்.

வீடியோ பார்த்துக் கமாண்ட் அடித்த பிறகு எல்லாம் குழம்பிவிட்டது

டெக்கின் சிஸ்டம் பகுதி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்து எதையாவது சேர்த்தால் அடுத்த அப்டேட்டில் அது துடைபட்டுப் போகும், பாதி துடைபட்டால் குழப்பம். டிஸ்கவர் கடையில் எடுத்தது அப்படிப் போகாது. நீங்கள் வைக்காத பாஸ்வேட்டை ஏதாவது ஒன்று கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், அது உங்களுக்கான கதவு இல்லை.

ஏற்கெனவே உள்ளே போய்விட்டவர்கள் முதலில் மேலே சொன்ன மூன்று புள்ளி வழியில் முந்தைய பிரதிக்குப் போய்ப் பாருங்கள். சரிவராவிட்டால் காட்டைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டத்தில் ஃபெக்டரி ரீசெட். கேம்களைத் திரும்ப இறக்க வேண்டும். கிளவுட் வசதியுள்ள (சேவை இணையத்தில் வைக்கும்) கேம்களின் சேவ், ரீசெட்டுக்கு முன் ஒருதரம் இணையத்தோடு திறந்து மூடினால் மேலே போய்விடும்.

கழற்றக் கொடுக்கும்போது

இங்கே வால்வின் நேரடி விற்பனையோ சேர்விஸோ இல்லை. வாரன்டி நாள் மிச்சம் இருந்தால் வாங்கிய சொந்தம் வாங்கிய நாட்டிலிருந்தே ஸ்டீம் சப்போட்டுக்கு எழுதட்டும், இங்கே யாரும் ஆணியைத் தொட வேண்டாம். வாரன்டி முடிந்ததென்றால் ஈய வேலை தெரிந்த கடையில் கொடுக்கலாம். பேட்டரி பசை போட்டு ஒட்டியது, நெம்பி எடுப்பது ஆபத்து. பாகம் கையில் இல்லாமல் அதைக் கழற்றத் தொடங்கும் கடையில் விடாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் மெமரி காட்டை நீங்களே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின் மூடியில் எட்டு ஆணி. காட் உள்ளே இருக்க மூடியை இழுத்தால் அது இரண்டாக முறியும். முதல் டெக்கை நான் திறந்தபோது முறிந்தது ஒரு தம்பியின் 256 ஜிபி காட், புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.